சக்கரம் ஏறிவிட்டது, பிரேக் சரியாக இருக்கிறதா?

பினாங்கில் மோட்டார் சைக்கிள் கடை வைத்திருக்கும் எவரிடமும் இந்தக் கேள்வி வந்திருக்கும்: “அண்ணே, 150சிசி மோட்டாரோட பின் சக்கரம் இதுல ஏறுமா?” கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். வண்டி அப்பாவோ மாமாவோ ஓட்டிக் கொடுத்த பழைய ஹோண்டா இஎக்ஸ்5, இல்லாவிட்டால் தேடிப்பிடித்து வாங்கிய யமாஹா ஆர்எக்ஸ்இசட். செக்கன் ஹேண்டில் ஒரு ஸ்போட் ரிம் (ஸ்போக் கம்பி இல்லாத வார்ப்புச் சக்கரம்) மலிவாகக் கிடைத்திருக்கும், டயரும் அதோடு சேர்ந்தே வந்திருக்கும்.

ஏறும். லேத்தும் வெல்டிங்கும் இருந்தால் எந்த வண்டியில் எந்தச் சக்கரத்தையும் ஏற்றிவிடலாம். ஆனால் சக்கரத்தின் நடுவில்தான் பிரேக் இருக்கிறது. சக்கரத்தை மாற்றும்போது பிரேக்கையும் சேர்த்தே மாற்றுகிறோம். இதை நினைத்துப் பார்க்காமல் செய்த வேலைகள்தான் பின்னால் எங்கள் கடைக்கு நொண்டிக்கொண்டு வருகின்றன.

முதலில் அளவைப் பார்ப்போம். இஎக்ஸ்5-இன் பின் டயர் 2.50-17. அதாவது இரண்டரை அங்குல அகலம், ஏறக்குறைய 63 மில்லிமீட்டர். 150சிசி கேப்சாய்களில் (இஎக்ஸ்5 போன்ற இலகு மோட்டார்களில்) வரும் 120/70-17, அதாவது 120 மில்லி அகலமும் அதில் 70 விழுக்காடு உயரமும் உள்ள டயர், அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு அகலம். இரண்டும் 17 அங்குலம் என்பதால் உயரமும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 17 என்பது ரிம்மின் அளவு மட்டும்தான். டயரோடு கணக்குப் போட்டால் பழையது சுமார் 559 மில்லி விட்டம், புதியது சுமார் 600 மில்லி. பின்பக்கம் 20 மில்லி தூக்கிவிடும். அப்போது சைட் ஸ்டாண்ட் குட்டையாகிவிடும், வண்டி அதிகமாகச் சாய்ந்து நிற்கும். நடு ஸ்டாண்ட் போட்டாலும் பின் சக்கரம் தரையைத் தொடலாம். ஹெட்லைட் கீழே பார்க்கும். ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏழு விழுக்காடு கூடுதல் தூரம் ஓடுவதால் கியர் கனக்கும். நூறு சிசி இன்ஜின் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மேட்டில் திணறுவதற்கு இது ஒன்றே போதும். கனமான ரிம்மின் பாரம் இன்னும் தனி.

அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. காருக்குச் சரியாக இருக்கலாம். மோட்டார் வளைவில் சாய்ந்து ஓடும் வண்டி. டயர் அகலமாக ஆக, சாயும்போது தரையைத் தொடும் இடம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகிப்போகும். அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்க்க வேண்டிவரும். மழையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும், டயரின் வரிப்பள்ளத்தின் ஆழமும், சரியான காற்றும்தான். பத்து வருடம் கிடந்த அகல டயரைவிட நேற்று வாங்கிய குறுகிய டயர் எவ்வளவோ மேல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. செக்கன் ஹேண்ட் சக்கரம் வாங்குகிறவர்கள் ரிம்மின் பளபளப்பைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள்.

பழைய ரிம்மிலேயே அகல டயரை ஏற்றுவது இன்னொரு வழக்கம். ரிம்மிலும் 1.40, 1.60, 1.85 என்று எண் இருக்கும். அது உள்ளகலம், அங்குலக் கணக்கு. 120/70 டயருக்கு மூன்று அங்குலத்துக்குக் குறையாத ரிம் வேண்டும். 1.60 ரிம்மில் அதைத் திணித்தால் இரு பக்கமும் நெரிந்து நடு மட்டும் புடைக்கும். வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவதை ஓட்டுபவரே உணர்வார். பினாங்குப் பாலத்தில் காற்று பக்கத்திலிருந்து தள்ளும் நேரத்தில் அந்த நெளிவு எப்படி இருக்கும் என்று, தினமும் பட்டர்வொர்த்துக்கும் பாயான் லெப்பாசுக்கும் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, இதெல்லாம் வெளியே தெரியும் விஷயம். எனக்கு உண்மையிலேயே பயம் தருவது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்கு உள்ளே இருப்பது.

ஹப்பில் இரண்டு பேரிங். அவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய், கடையில் அதைக் காலர் என்போம். அச்சு நட்டை இறுக்கும்போது அந்த விசை ஸ்விங் ஆர்மிலிருந்து (பின் சக்கரத்தை இரு பக்கமும் தாங்கும் கை) வெளிக் காலருக்கும், அங்கிருந்து பேரிங்கின் உள்வளையத்துக்கும், நடுக் காலருக்கும், அடுத்த பேரிங்குக்கும், மறுபக்க ஸ்விங் ஆர்முக்கும் போகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே தூணாக நிற்க வேண்டும், சக்கரம் அதைச் சுற்றி ஓட வேண்டும். வேறு மாடலின் சக்கரத்தை ஏற்றும்போது அச்சின் கனம் ஒத்துவராது. வண்டியின் அச்சு 12 மில்லி, வந்த சக்கரத்தின் பேரிங் துளை 15 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரிங்கை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் உள்ளே துளையைச் சிறிதாக்கும் புஷ் போடுவார்கள். அந்த அவசரத்தில் நடுக் காலர் காணாமல் போகும், அல்லது ஒரு மில்லி குட்டையானது உள்ளே போகும். அப்புறம் நட்டை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்படும், பேரிங் குண்டுகள் பக்கச் சுவரை உரசும். சக்கரம் கனமாகச் சுற்றுகிறதே என்று போமென் (மெக்கானிக்) நட்டைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்துவிடுவார். கடை வாசலில் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றும், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். ஓட ஓட நட்டு தளரும், சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும்.

எங்களிடம் வந்த ஒரு இஎக்ஸ்5-இல் வெளிக் காலருக்குப் பதிலாக வாஷர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இறுக்கம் தாங்காமல் அவை குழிந்து, விளிம்பு வெட்டி, அச்சிலேயே வரிவரியாகக் கோடு போட்டிருந்தன. செயின் ஒரு பக்கமாகத் தேய்ந்து, ஸ்ப்ரோக்கெட்டின் பற்கள் கத்தியாகியிருந்தன. வண்டிக்காரத் தம்பி “பின்னாடி ஏதோ சத்தம் வருது” என்று மட்டும்தான் சொன்னார்.

அதே வண்டியில் இன்னொன்றும் பார்த்தேன். டிரம் பிரேக்கின் மூடித் தட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்கு ஒரு கம்பி போகும், டார்க் ஆர்ம் என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் அந்தத் தட்டையும் சேர்த்துச் சுற்றப் பார்க்கும், சுற்றவிடாமல் பிடித்து வைப்பது இந்தக் கம்பி. புதிய சக்கரத்தின் தட்டில் துளை வேறு இடத்தில் இருந்ததால் கம்பியை வளைத்து, ஒரு மெல்லிய போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். நட்டு கழலாமல் இருக்கக் குத்தும் ஸ்ப்ளிட் பின்னும் இல்லை. அந்த போல்ட் அறுந்தால் தட்டு சுழன்று பிரேக் கம்பியையும் சுருட்டிக்கொள்ளும், சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் பின் சக்கரம் பூட்டினால் ஓட்டுபவருக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. பின்னால் தங்கையோ மனைவியோ உட்கார்ந்திருக்கலாம். அதனால்தான் வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இந்தக் கம்பி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முன் சக்கரத்திலும் இதே கதைதான்: டிரம் தட்டில் இருக்கும் வெட்டு ஃபோர்க்கில் உள்ள முனையோடு இறுகப் பொருந்த வேண்டும். டிஸ்க் என்றால், அதை நெருக்கிப் பிடிக்கும் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் அசையக்கூடாது.

ஸ்விங் ஆர்மின் உட்புறத்தைக் கிரைண்டரால் தேய்த்து இடம் பண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் குழாயின் கனம்தான் இரண்டு பேரின் பாரத்தைத் தாங்குகிறது. இப்படி வெட்டி ஒட்டி வண்டியின் அமைப்பையே மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சும்மா விடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

வண்டியை அழகுபடுத்தும் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. பழைய இஎக்ஸ்5-க்கு நான் சொல்வது 70/90-17, கொஞ்சம் சதை வேண்டுமென்றால் ரிம்மின் உள்ளகலம் இடம் கொடுத்தால் 80/90-17. முதலாவது 2.50-17-இன் உயரமேதான். இரண்டாவது 8, 9 மில்லிதான் தூக்கும். ஹப், பிரேக், அச்சு எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருக்கும். ஸ்போக் ரிம் என்றால் டியூப்லெஸ் டயராக இருந்தாலும் உள்ளே டியூப் போட மறக்காதீர்கள். ஸ்போட் ரிம்தான் வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் கொடுக்கும் காசைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் இன்றே செய்ய வேண்டியது: நடு ஸ்டாண்ட் போட்டு, சக்கரம் தரையைத் தொட்டால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைத்து, பின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ காலரோ சரியில்லை. டார்க் ஆர்மின் இரு முனையையும் விரலால் தடவிப் பாருங்கள், நட்டு இறுக்கமாக, ஸ்ப்ளிட் பின் குத்தியிருக்க வேண்டும். வீட்டில் ஒரு ஆளைப் பின்னால் உட்காரவைத்து டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் செயினுக்கும் எவ்வளவு இடைவெளி என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். லோரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், உங்கள் பழைய சக்கரத்தையும் கூடவே எடுத்து வாருங்கள்.