சரளைப் பாதையில் மரத்துப்போகும் சுண்டுவிரல்

மூன்று நாள் சரளைப் பாதைப் பயணத்தை முடித்துவிட்டு வந்த ஒருவர், என் எதிரில் அமர்ந்ததும் தம் சட்டையின் கழுத்துப் பொத்தானைச் சுட்டிக் காட்டினார். அது போடப்படாமல் கிடந்தது. "விரல் ஒத்துழைக்கவில்லை" என்றார். கால்வலி இல்லை, முதுகுவலி இல்லை. ஏற்றங்களை நினைத்துப் பயந்து பல வாரங்கள் தொடைக்கும் முழங்காலுக்கும் பயிற்சி எடுத்திருந்தவருக்குப் பழுதானது வலது கையின் விரல்கள்தாம். இயன்முறை மருத்துவராகச் சைக்கிள் ஓட்டுபவர்களைத் தொடர்ந்து பார்த்து வருவதால், மேடும் சரிவுமான நாட்டுப்புறப் பாதைகளில் கிராவல் பைக் (சரளைப் பாதைக்கென்றே அமைந்த அகல டயர் சைக்கிள்) ஓட்டிவிட்டு வருவோரிடம் நான் முதலில் கேட்பது தூரத்தைப் பற்றியோ மொத்த ஏற்றத்தைப் பற்றியோ அல்ல. அந்தச் சுற்றை எந்தத் திசையில் ஓட்டினார்கள் என்பதைத்தான்.

காரணம் மணிக்கட்டில் இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்வு தருகிற அல்நார் நரம்பு, உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கத்தில், இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகிய வழியாகக் கைக்குள் நுழைகிறது. 1861-இல் அதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கியோனின் பெயரால் அந்த வழி இன்றும் அறியப்படுகிறது. ஹேண்டில்பாரில் உடல் எடையைச் சாய்க்கும்போது அழுத்தம் விழுவது ஏறத்தாழ அதே இடத்தில்தான். தார்ச்சாலையிலும் இது நடக்கும். சரளையில் அழுத்தத்தோடு அதிர்வும் சேர்ந்துகொள்கிறது.

இத்தாலியின் டஸ்கனியில் உள்ள வெள்ளைச் சரளைச் சாலைகளும் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து ஃபிளின்ட் குன்றுகளும் இவ்வகை ஓட்டத்துக்குப் பெயர்பெற்றவை. படங்களில் இரண்டுமே மிக மென்மையாகத் தெரியும். பெரிய மலை எதுவும் கண்ணில் படாது. ஆனால் கைக்குக் கடினமானது இந்த மென்மையான நிலம்தான் என்பது என் கருத்து. நீண்ட மலையேற்றத்தில் ஒரு மணி நேரம் கை தளர்ந்தே இருக்கும். மேடும் சரிவும் மாறிமாறி வரும் நிலத்திலோ சில நிமிடங்களுக்கு ஒருமுறை இறக்கம் வந்துவிடுகிறது; ஒவ்வோர் இறக்கத்திலும் உடல் முன்னே சரிகிறது, விரல்கள் பிரேக்கை இறுக்குகின்றன, பிடி கெட்டிப்படுகிறது.

சரளைச் சாலையில், துணி துவைக்கும் பலகையைப் போல, குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் வேண்டுமென்று அப்படிப் போடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் சக்கரம் சின்னஞ்சிறு மேட்டில் எகிறி விழுந்து, விழுந்த இடத்தைக் குழியாக்கி, அடுத்த மேட்டைத் தானே குவித்துவிடுகிறது. அடுத்தடுத்து வரும் வண்டிகள் அந்த வரிகளை ஆழமாக்குகின்றன. வண்டிகள் பிரேக் பிடிக்கும் இடத்திலும் வேகம் எடுக்கும் இடத்திலும், அதாவது வளைவுக்கு முன்பும் சந்திப்புகளின் அருகிலும் செங்குத்தான சரிவுகளிலும், இவை அதிகம். சைக்கிள் ஓட்டுபவர் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும் இடங்களும் பெரும்பாலும் இவையே.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். வரிகளுக்கு இடையே 70 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 16 அடிகள் கைக்கு வருகின்றன. அதே பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டரில் ஏறினால் 4 அடிகள், அவையும் மெல்லியவை. கையில் ஏறும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 5349 என்ற சர்வதேசத் தர நெறி, விநாடிக்கு 8 முதல் 16 வரையிலான அதிர்வுகளுக்கே அதிக முக்கியத்துவம் தருகிறது. துளையிடும் கருவிகளோடு வேலை செய்வோர் ஒரு நாளில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே வரம்பு வகுத்துவிட்டது. விடுமுறையில் ஆசையாகச் சைக்கிள் எடுத்துச் செல்பவருக்கு அப்படி வரம்பு சொல்ல யாரும் இல்லை. விரல்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே பாதையைத் திட்டமிடும்போது ஏற்ற இறக்க வரைபடத்தை மட்டும் பார்த்துத் திசையை முடிவு செய்யாதீர்கள். செயற்கைக்கோள் படத்திலும் முன்பு சென்றவர்கள் எடுத்த படங்களிலும் எந்தப் பகுதி தார், எந்தப் பகுதி கெட்டிப்பட்ட மண், எந்தப் பகுதி உதிரிச் சரளை என்று குறித்துக்கொண்டு, மிக மோசமான பகுதி ஏற்றமாக அமையும்படியும் வழவழப்பான பகுதி இறக்கமாக அமையும்படியும் சுற்றைத் திருப்புங்கள். உதிரிச் சரளையில் ஏறும்போது பின்சக்கரம் வழுக்கும் என்பது உண்மை. சீட்டை விட்டு எழாமல், இலகுவான கியரில் சீராக மிதித்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். அப்படியும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் அவமானம் ஏதுமில்லை.

வண்டியில் நான் முதலில் பார்ப்பது டயர். தார்ச்சாலைப் பழக்கத்தில் காற்றைக் கல்போல அடைத்து வருபவர்கள் பலர். 40 மில்லிமீட்டர் அகல ட்யூப்லெஸ் டயருக்கு, நடுத்தர எடையுள்ளவருக்கு, 30 முதல் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அளவு. முன்சக்கரத்தில் பின்சக்கரத்தைவிடச் சற்றுக் குறைவாக வைக்கலாம். உள்ளே ட்யூப் இருந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும். அடுத்தது சீட்டின் மூக்கு. அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் வழுக்கி முன்னே வந்துகொண்டே இருக்கும், அதைத் தடுத்து நிறுத்துவது உள்ளங்கைதான். பிரேக் லீவர் விரலுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதும் இதே போன்ற குற்றம். ஒரு திருகைத் திருப்பினால் பல லீவர்களை அருகே கொண்டுவந்துவிடலாம். ஜெல் வைத்த கையுறையைப் பலர் மருந்துபோல நம்புகிறார்கள். மெத்தை தவறான இடத்தில் இருந்தால் அதுவே நரம்பின் மேல் அழுத்தும் என்பதால், கையுறை வாங்கும் முன் மேலே சொன்னவற்றைச் சரிசெய்யுங்கள்.

ஓட்டத்தின் நடுவே சுண்டுவிரல் மரத்தால் கையை உதறிவிட்டுத் தொடர்வது எல்லாருக்கும் வழக்கம். சில நிமிடங்களில் உணர்வு திரும்பிவிட்டால், பிடியை மாற்றிக்கொண்டு, அடுத்த இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துத் தொடரலாம். மறுநாள் காலையிலும் மரப்பு இருந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். மரப்பே இல்லாமல் வலு மட்டும் குறைவதும் உண்டு. அந்த நரம்பின் ஆழமான கிளை மட்டும் நசுங்கும்போது இப்படி ஆகும், அதைத்தான் மக்கள் எளிதில் கவனிக்காமல் விடுகிறார்கள். பொத்தான் போட முடியாமல் வந்தவருக்கும் இதுவே நேர்ந்திருந்தது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே ஒரு தாளை வைத்துக்கொண்டு, வேறொருவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் பிடிக்கக் கட்டைவிரலின் நுனி தானாக மடங்கினால், அதை அணைத்துப் பிடிக்கும் தசை வலுவிழந்திருக்கலாம். இன்னொன்று, புறங்கையில் சுண்டுவிரல் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தோலுக்குச் செல்லும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால், அங்கும் மரத்திருந்தால் சிக்கல் உள்ளங்கையில் இல்லாமல் முழங்கையிலோ கழுத்திலோ இருக்கக்கூடும். அப்போது ஹேண்டில்பாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு அழுத்தம் விலகியதும் சில வாரங்களில் கை தேறிவிடுகிறது. வலு திரும்பாவிட்டாலும், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை குழிவது போலத் தெரிந்தாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்த்து, நரம்பு வழியே சமிக்ஞை சரியாகச் செல்கிறதா என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த மனிதர் ஏழாவது வாரம் வந்தபோது கழுத்துப் பொத்தான் போடப்பட்டிருந்தது. பையிலிருந்து அதே பாதையின் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்து, அம்புக்குறிகளை எதிர்த்திசையில் வரைந்துவிட்டு, "இப்படிப் போனால் சரியா?" என்று கேட்டார்.