ஆட்டிசம் தெரபி: முன்னேற்றத்தை அளந்தது யார்?

அண்ணா நகரிலோ வேளச்சேரியிலோ ஒரு தெரபி சென்டரில் விசாரித்தால், ஏபிஏ எனப்படும் நடத்தைப் பயிற்சி ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று சொல்வதைக் கேட்கலாம். கூடவே, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம் என்பார்கள். கடன் வாங்கியாவது கட்டிவிடத் தயாராக இருக்கும் பெற்றோருக்கு, அந்த நிரூபணம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

வாரம் 40 மணி நேரம் என்ற எண் பிரபலமானது 1987இல். கலிபோர்னியாவில் உளவியலாளர் ஐவர் லோவாஸ் (Ivar Lovaas) தீவிரப் பயிற்சி கொடுத்த 19 குழந்தைகளில் 9 பேர் சராசரி ஐக்யூவை எட்டி, வழக்கமான பள்ளியில் முதல் வகுப்பை முடித்ததாக அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் எந்தக் குழந்தை தீவிரப் பயிற்சிக் குழுவில், எந்தக் குழந்தை ஒப்பிடுவதற்கான குழுவில் சேரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. பயிற்சியாளர் கிடைப்பதைப் பொறுத்தே பிரித்தார்கள். அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. 2000இல் டிரிஸ்ட்ரம் ஸ்மித் குழுவினர் 28 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். ஐக்யூவில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. அன்றாட வாழ்க்கைத் திறன்களில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை.

குலுக்கல் ஏன் இவ்வளவு முக்கியம்? மூன்று வயதுக் குழந்தை நான்கு வயதாகும்போது, தெரபி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓரளவு வளர்கிறது. நிலைமை மிக மோசமாக இருக்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் சிகிச்சையைத் தேடுகிறோம். அதன்பின் சற்றுத் தேறுவது இயல்பு. எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. செக்ரெடின் என்ற செரிமான ஹார்மோனை ஆட்டிசத்துக்கு ஊசியாகப் போட்டுச் சோதித்து 1999இல் வெளியான ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஹார்மோன், மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று பெற்றோருக்குத் தெரியாது. இரண்டு குழுக்களிலுமே குழந்தைகள் முன்னேறியதாகப் பதிவானது. உப்பு நீர்க் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்த ஊசி இன்றும் விற்றுக்கொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நடத்தைப் பயிற்சியில் சிக்கல் இன்னும் கூடுதல். உப்பு நீர் போல ஒரு போலித் தெரபி கொடுப்பது கடினம். குழந்தை எந்தக் குழுவில் இருக்கிறது என்று அம்மாவுக்கும் தெரியும், தெரபிஸ்டுக்கும் தெரியும். அவர்களே மதிப்பெண் போட்டால் கை தாராளமாகிவிடும். பொய் சொல்கிறார்கள் என்று இல்லை, ஆசை கண்ணை மறைக்கும். அதனால்தான் குழு விவரம் அறியாத வெளி ஆள் அளக்க வேண்டும்.

எதை அளந்தார்கள் என்பதும் பெரிய விஷயம். சென்டரில் அதே மேஜையில், அதே மிஸ் முன்னால், தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டையைக் குழந்தை எடுத்துக் கொடுக்கிறது. பத்துக்குப் பத்து. மயிலாப்பூரில் பாட்டி வீட்டில் தாகம் எடுத்தால் அதே குழந்தை கேட்கிறதா? இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் வீட்டில் மதிப்பு. பல ஆய்வுகளின் எடுப்பான எண்கள் முதல் வகையைச் சேர்ந்தவை.

2020இல் மிஷேல் சாண்ட்பேங்க் குழுவினர் சிறு குழந்தைகளுக்கான 150 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். குலுக்கல் முறை ஆய்வுகளையும், அளந்தவரின் சாய்வு கலக்காத அளவீடுகளையும் மட்டும் வைத்துப் பார்த்தபோது, எந்த வகைத் தெரபிக்கும் திட்டவட்டமான பலன் தேறவில்லை. தெரபியே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நல்ல முறையில் சோதித்தவை அவ்வளவு குறைவு. எனக்கு இதைவிட வருத்தம் தருவது வேறொன்று: தெரபியால் குழந்தைக்கு வந்த பயம், சோர்வு, வலி ஆகியவற்றைப் பெரும்பாலான ஆய்வுகள் பதிவே செய்யவில்லை. வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் அதைத்தான் உரக்கச் சொல்கிறார்கள்.

நம்பிக்கை தரும் ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனின் பாக்ட் முறையில் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு தெரபிஸ்டோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். குழந்தை ஒரு காரை உருட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்த அந்த ஒரு நொடியைப் பெற்றோர் கவனிக்கப் பழகுகிறார்கள். 2010இல் 152 குழந்தைகளிடம் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் சிறிய பலன் நிலைத்திருந்தது. அதை நம் சூழலுக்கு மாற்றி, கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர் அல்லாத பணியாளர்களைக் கொண்டே நடத்தியதில், பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் மேம்பட்டது என்ற முடிவு 2016இல் வெளியானது.

மணிக்கணக்கு விஷயத்துக்கு வருவோம். 2024இல் சாண்ட்பேங்க் குழுவினரே அதைத் தனியாக ஆராய்ந்தார்கள். மணி நேரம் கூடக் கூடப் பலனும் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் ‘வாரம் 40’ என்று எழுதியிருந்தால், எந்த ஆய்வை வைத்து என்று தாராளமாகக் கேட்கலாம்.