பேட்ச் அப்ளை ஆகவில்லையா? அது சொல்வதைக் கேளுங்கள்

"பேட்ச் அப்ளை ஆக மாட்டேன் என்கிறது, எப்படியாவது உள்ளே தள்ள ஒரு வழி சொல்லுங்கள்." திறமூலத் திட்டங்களில் புதிதாகப் பங்களிக்க வருபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நிரலின் மூல வரிகளில் (கோடில்) எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது என்று எழுதிய கோப்புதான் பேட்ச்; அதை அந்தக் கோடில் செயல்படுத்துவதுதான் அப்ளை. கேட்பதற்கு முன்பே சில வழிகளை முயன்று பார்த்திருப்பார்கள். கண்ணில் பட்ட ஆப்ஷன்களை எல்லாம் சேர்த்து ஓட்டியிருப்பார்கள். அதுவும் சரிவராமல் எடிட்டரைத் திறந்து கையாலேயே வெட்டி ஒட்டியிருப்பார்கள். "சரி, பிழைச்செய்தி என்ன சொன்னது?" என்று கேட்டால் பலருக்கு நினைவிருக்காது.

புதிய கோடில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய வெளியீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதாவது பேக்போர்ட் செய்வது, என் வேலை. பேட்ச் தோற்பது எனக்கு அன்றாடம் நடப்பது. அதில் பயம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் தோற்ற பேட்ச் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிடுகிறது. என்னைக் கலங்க வைத்தது, "வெற்றி" என்று சொல்லிவிட்டுத் தவறான இடத்தில் போய் உட்கார்ந்த ஒரு பேட்ச்தான். அதைச் சொல்வதற்கு முன், பேட்ச் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

லேரி வால் 1985இல் 'பேட்ச்' என்ற கருவியை வெளியிட்டார். பெர்ல் மொழியை உருவாக்கியவரும் அவர்தான். இன்று நாம் பார்க்கும் 'யூனிஃபைட்' வடிவத்தை வேய்ன் டேவிசன் 1990இல் கொண்டுவந்தார். அந்த வடிவத்தில் ஒவ்வொரு ஹங்கும் (கோப்பின் ஓரிடத்தில் செய்யும் மாற்றத்தின் துண்டு) @@ -120,7 +120,9 @@ என்பது போன்ற ஒரு தலைப்பு வரியோடு தொடங்கும். பழைய கோப்பில் 120ஆம் வரியிலிருந்து 7 வரிகள், புதிய கோப்பில் 120ஆம் வரியிலிருந்து 9 வரிகள் என்று பொருள். கீழே நீக்கும் வரிக்குக் கழித்தல் குறி, சேர்க்கும் வரிக்குக் கூட்டல் குறி. மேலும் கீழும் வழக்கமாக மூன்று மூன்று வரிகள் மாறாமல் நிற்கும். அவற்றைத்தான் கான்டெக்ஸ்ட் என்கிறோம்.

வரி எண் ஒரு உத்தேசம் மட்டுமே. உண்மையான முகவரி அந்த கான்டெக்ஸ்ட் வரிகள். 120இல் பொருந்தவில்லை என்றால் கருவி மேலும் கீழும் தேடும். வேறு வரியில் அப்படியே பொருந்தினால் அங்கே போட்டுவிட்டு, எத்தனை வரி தள்ளிப் போட்டது என்பதை 'ஆஃப்செட்' என்று சொல்லும். எங்கும் முழுதாகப் பொருந்தவில்லை என்றால் 'ஃபஸ்' தொடங்குகிறது. ஃபஸ் 1 என்றால் கான்டெக்ஸ்டின் முதல் வரியையும் கடைசி வரியையும் கண்டுகொள்ளாமல் விடும். ஃபஸ் 2 என்றால் மேலே இரண்டு, கீழே இரண்டு. அந்தக் கருவியின் இன்று பரவலாக உள்ள வடிவமான குனு பேட்சில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் 2 வரை போகும். மூன்று வரி கான்டெக்ஸ்டில் இரண்டை விட்டால் மிஞ்சுவது பக்கத்துக்கு ஒரு வரி. சி மொழிக் கோடில் அந்த ஒரு வரி பெரும்பாலும் ஒரு அடைப்புக்குறியாகவோ வெற்று வரியாகவோதான் இருக்கும். முழு முகவரியையும் அழித்துவிட்டு வீட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தபால் கொடுப்பது போல.

எனக்கு நடந்தது இதுதான். ஒரு மென்பொருள் நூலகத்தில், நீளத்தைச் சரிபார்க்காமல் பஃபருக்குள் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) நகலெடுக்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தது. அதற்கு முன்னால் நீளச் சோதனை ஒன்றைச் சேர்த்து அப்ஸ்ட்ரீமில், அதாவது மூலத் திட்டத்தில், திருத்தியிருந்தார்கள். அதே கோப்பில் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளை போல இன்னொரு ஃபங்ஷனும் உண்டு. அதே மாறிப் பெயர்கள், அதே அமைப்பு. எங்கள் பழைய கிளையில் (பழைய வெளியீட்டுக்கான கோடில்) முதல் ஃபங்ஷன் கொஞ்சம் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. பேட்சைப் போட்டேன். இரண்டாவது ஹங்க் ஃபஸ் 2உடன், கிட்டத்தட்ட நூறு வரி தள்ளி வெற்றி என்று வந்தது. 'வெற்றி' என்ற சொல்லைப் பார்த்தேன், அதன் பின்னால் இருந்ததைப் படிக்கவில்லை. கம்பைல் ஆனது, டெஸ்டுகள் தேறின. ஆனால் அந்த நீளச் சோதனை போய்ச் சேர்ந்தது தேவையே இல்லாத இரட்டைப் பிள்ளைக்கு. ஓட்டை இருந்த ஃபங்ஷன் திறந்தபடியே கிடந்தது. ரிவ்யூ செய்த நண்பர் மாறிய கோப்பையே திறந்து படித்ததால்தான் அது வெளியே போகாமல் நின்றது.

அந்த ஹங்கில் சேர்க்கும் வரிகள் மட்டுமே இருந்தன என்பதைக் கவனியுங்கள். நீக்கும் வரி ஒன்றாவது இருந்திருந்தால் அது அச்சுப் பிசகாமல் பொருந்தியாக வேண்டும், ஃபஸ் அதைத் தொடாது. பாதுகாப்புத் திருத்தங்களில் பலவும் இரண்டு வரிச் சோதனையைப் புதிதாகச் சேர்ப்பவை. அதாவது, எது சரியான இடத்தில் விழுந்தே ஆக வேண்டுமோ, அதுதான் இடம் மாறி விழ அதிக வாய்ப்புள்ளது. இன்னொன்று: தலைப்பு வரியில் இரண்டாவது @@ குறிக்குப் பின்னால் பெரும்பாலும் ஃபங்ஷன் பெயர் இருக்கும். கருவி அதைப் பார்ப்பதே இல்லை, அது மனிதர்கள் பார்ப்பதற்காக இருப்பது. பேட்ச் போட்ட பிறகு, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் 'கிட் டிஃப்' கொடுத்து, அதில் வரும் ஃபங்ஷன் பெயரும் மூலப் பேட்சில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். பத்து வினாடி வேலை. அன்று நான் அதைச் செய்திருந்தால் போதும்.

அதற்குப் பிறகு குனு பேட்சை '--ஃபஸ்=0' இல்லாமல் நான் ஓட்டுவதில்லை. டெபியன் லினக்ஸின் '3.0 குவில்ட்' பொதி வடிவத்திலும் ஃபஸ் தேவைப்படும் பேட்சை ஏற்பதில்லை. 'கிட் அப்ளை' இயல்பிலேயே கண்டிப்பானது. ஆஃப்செட்டை அனுமதிக்கும், ஆனால் கான்டெக்ஸ்ட் முழுவதும் பொருந்த வேண்டும். ஒரு ஹங்க் தோற்றாலும் எதையும் தொடாமல் நின்றுவிடும். "பேட்ச் கட்டளையில் போகிறது, கிட்டில் போகவில்லை, கிட் சரியில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போகக் கூடாததை கிட் தடுத்திருக்கிறது.

சரி, தோற்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது? அந்த பேட்ச் எந்தக் கமிட்டின் (கிட்டில் பதிந்த ஒரு நிலை) மேல் எழுதப்பட்டது என்பதை. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும். அனுப்பியவர் 'கிட் ஃபார்மேட்-பேட்ச்' கட்டளையில் '--பேஸ்=ஆட்டோ' கொடுத்திருந்தால் அடிப்படைக் கமிட்டின் எண் பேட்சின் முடிவிலேயே இருக்கும். இல்லாவிட்டால் டிஃபில் 'இண்டெக்ஸ்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். இரண்டு புள்ளிகளுக்கு முன்னால் இருப்பது பழைய கோப்பின் அடையாள எண். 'கிட் லாக்'கில் '--ஆல்' உடன் '--ஃபைண்ட்-ஆப்ஜெக்ட்' ஆப்ஷனும் இந்த எண்ணும் கொடுத்தால், அந்தக் கோப்பு அந்த நிலைக்கு வந்த கமிட்டும், அதிலிருந்து மாறிய கமிட்டும் கிடைக்கும். பேட்ச் ஒரு தொடரின் பகுதியா என்றும் பாருங்கள். தலைப்பில் 3/5 என்று இருந்தால் முதல் இரண்டும் இல்லாமல் அது நிற்காது.

அடுத்தது, திருத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்ற கேள்வி. இது ஒரு பெரிய பொறி. குனு பேட்ச், "இது தலைகீழான அல்லது முன்பே போடப்பட்ட பேட்ச் போலிருக்கிறது, '-ஆர்' என்று எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும். எதைக் கேட்டாலும் ஆம் என்று அழுத்திப் பழகியவர்கள் இங்கேயும் அழுத்திவிடுவார்கள். அழுத்தினால், உள்ளே இருந்த திருத்தத்தையே அது பிடுங்கி எறிந்துவிடும். தயவுசெய்து அங்கே நிறுத்துங்கள். 'கிட் அப்ளை --ரிவர்ஸ் --செக்' ஓட்டிப் பாருங்கள். எதுவும் சொல்லாமல் தேறினால் திருத்தம் ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை.

இந்தக் கேள்வி வர இன்னொரு காரணமும் உண்டு. குனு பேட்ச் பொருந்தும் ஹங்குகளைப் போட்டுவிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் '.ரெஜ்' கோப்பில் ஒதுக்கி வைக்கும். கோப்பு பாதி மாறிய நிலையில் கிடக்கும். அதை உணராமல் மறுபடி ஓட்டினால், கோப்பின் முதல் ஹங்க் ஏற்கெனவே போயிருக்கும்போது இந்தக் கேள்வி வரும். அதனால் எப்போதும் முதலில் '--ட்ரை-ரன்'. அப்புறம், வேலை செய்யும் டைரக்டரி சுத்தமாக இருக்கிறதா என்று 'கிட் ஸ்டேட்டஸ்' பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கண்ணுக்கு எல்லா வரியும் ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாதவற்றைத் தேட வேண்டும். டேப் இருந்த இடத்தில் ஸ்பேஸ், அல்லது வரி முடிவில் விண்டோஸ் பாணிக் கூடுதல் குறி. 'கேட் -ஏ' கொடுத்தால் இரண்டும் வெளியே வந்துவிடும். பல மின்னஞ்சல் செயலிகள் நீண்ட வரியை மடித்துவிடும், டேப்பை மாற்றிவிடும். மடிந்த வரி ஹங்கின் கணக்கைக் கெடுப்பதால் "இத்தனையாவது வரியில் பேட்ச் சிதைந்திருக்கிறது" என்ற செய்தி வரும். திரையிலிருந்து நகலெடுக்கும்போது கடைசி வரி விடுபட்டாலும், பேட்சைக் கையால் திருத்திவிட்டுத் தலைப்பு எண்களை மாற்றாமல் விட்டாலும் இதே செய்திதான். சிதைந்த பேட்சைப் பழுது பார்ப்பதைவிட மூலக் கோப்பை மறுபடி பதிவிறக்குவது எப்போதும் நல்லது. '--இக்னோர்-ஒயிட்ஸ்பேஸ்' உதவும், ஆனால் பைத்தானிலும் மேக்ஃபைலிலும் அந்த வெற்றிடத்துக்கே பொருள் உண்டு. அங்கே அதைப் போட்டால் முடிவைக் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள்.

பாதைச் சிக்கல் எளிது. கிட் டிஃபுகளில் கோப்புப் பெயருக்கு முன் ஏ, பி என்று ஒரு கூடுதல் படி இருக்கும், குனு பேட்சில் '-பி1' கொடுத்தால் அது போய்விடும். ஆனால் பலரும் அறியாத ஒன்று இருக்கிறது. திட்டத்தின் உள் டைரக்டரி ஒன்றில் நின்றுகொண்டு 'கிட் அப்ளை' ஓட்டினால், அந்த டைரக்டரிக்கு வெளியே உள்ள கோப்புகளை அது ஓசையில்லாமல் விட்டுவிடும். பிழையும் வராது, மாற்றமும் வராது. "போட்டேன், பிழை இல்லை, ஆனால் பக் அப்படியே இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த டைரக்டரியில் இருந்தீர்கள் என்பதைத்தான்.

இவை எதுவும் இல்லை, கோடு உண்மையிலேயே மாறியிருக்கிறது என்றால் 'கிட் ஏஎம் -3' எடுங்கள். மூலக் கோப்பின் பழைய நிலை உங்கள் ரெப்போவில் (திட்டத்தின் கிட் சேமிப்பில்) இருந்தால், கிட் அதை வைத்து இரு பக்க மாற்றங்களையும் இணைத்து, அதாவது மூன்று வழி மெர்ஜ் செய்து, முரண்படும் இடத்தை மட்டும் உங்களிடம் விடும். தேவையான பிளாப்கள், அதாவது கோப்பின் அந்தப் பழைய நிலைகள், இல்லை என்று சொன்னால், அப்ஸ்ட்ரீம் ரெப்போவை ஃபெட்ச் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். முரணைத் தீர்த்த பிறகு 'கிட் ஆட்', பின் 'கிட் ஏஎம் --கன்டினியூ'. நடுவில் நீங்களே கமிட் போட்டால் மூல ஆசிரியரின் பெயர் போய் உங்கள் பெயர் வந்துவிடும், அது அவர் உழைப்புக்குச் செய்யும் அநியாயம். குழம்பிவிட்டால் '--அபார்ட்' கொடுத்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடலாம்.

முரணைத் தீர்ப்பது என்றால் வரிகளை எப்படியாவது இணைத்துவிடுவது என்று நினைக்க வேண்டாம். கான்டெக்ஸ்ட் ஏன் மாறியது என்று 'கிட் லாக் -எல்' கொண்டு அந்த ஃபங்ஷனின் வரலாற்றைப் படியுங்கள். ஒருவேளை இடையில் வந்த இன்னொரு கமிட்டும் சேர்ந்தால்தான் இந்தத் திருத்தம் அர்த்தப்படும். ஒருவேளை உங்கள் பழைய கிளையில் அந்த பக்கே இருக்காது, அது பிறகு நுழைந்ததாக இருக்கும். கையால் எதையாவது மாற்றினால் கமிட் செய்தியில் எழுதிவையுங்கள். லினக்ஸ் கர்னலின் ஸ்டேபிள் (வெளியான பதிப்புகளைப் பராமரிக்கும்) கிளைகளுக்கான விதிகள் இதை வெளிப்படையாகக் கேட்கின்றன: மூலத்திலிருந்து விலகினால், எங்கே, ஏன் என்று பேட்சின் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

அறியாதவரிடமிருந்து வந்த பேட்ச் என்றால் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். குனு பேட்ச் 2.7.6இல், 'ஈடி' என்ற பழைய எடிட்டரின் பாணியில் எழுதப்பட்ட ஒரு பேட்ச் உங்கள் கணினியில் கட்டளைகளையே ஓட்டிவிடக்கூடிய ஓட்டை இருந்தது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2018-1000156 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது.

உதவி கேட்கும்போது நான்கு விஷயங்களைக் கொடுங்கள்: நீங்கள் நிற்கும் கமிட், பேட்ச் எங்கிருந்து வந்தது, ஓட்டிய கட்டளை, வந்த செய்தி முழுவதும் ஒரு எழுத்து குறையாமல். திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "அப்ளை ஆகவில்லை, மறுபடி அனுப்பவும்" என்ற ஒற்றை வரிப் பதிலோடு நிறுத்தாதீர்கள். முதல் பேட்சை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் எதை மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே போய்விடுவார். எந்தக் கிளையின் எந்தக் கமிட்டில் போட்டுப் பார்த்தீர்கள், எந்த ஹங்க் தோற்றது என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.