டைவ் அடிக்கத் துணிச்சல் மட்டும் போதாது

மறுபடியும் ஒரு பயிற்சி விமானி. கடுஞ்சளியோடு ஏறி, வேகமாக இறங்கி, செவிப்பறையில் ரத்தம் கட்டி வந்து நிற்கிறார். "சமாளிச்சிடலாம்னு நினைச்சேன் டாக்டர்." அதே பதில்! டெஸ்ட் பைலட் என்றாலே உயிரைத் துச்சமாக நினைப்பவர் என்ற கற்பனை இந்தப் பிள்ளைகள் மனதில் ஊறிக் கிடக்கிறது.

மெலிட்டா ஷென்க் ஃபான் ஸ்டாஃபன்பெர்க் என்ற ஜெர்மன் பெண்மணியைத் தெரிந்துகொள்ளுங்கள். மியூனிக்கில் படித்த பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் யூ 87, யூ 88 என்ற குண்டுவீச்சு விமானங்களில், டைவ் அடித்தபடி இலக்கைக் குறிபார்க்கும் கருவிகளைச் சோதித்தவர். 4,000 மீட்டரில் மூக்கைக் கவிழ்த்து 1,000 மீட்டருக்குப் பாய்ந்து நிமிர்த்த வேண்டும். சில நாள் 15 தடவை. மொத்தம் 2,000-க்கும் மேல். தரையிறங்கிய பிறகு அளவீடுகளைக் கணக்குப் போட்டதும் அவரேதான். ஒரு டைவ் முந்தையதைப் போலவே அமையாவிட்டால் அந்தக் கணக்கே வீண். தந்தை யூத வம்சாவளி. மெலிட்டாவின் இந்த வேலைதான் நாஜி அரசிடமிருந்து குடும்பத்துக்கு இருந்த காப்பு.

'பெண் உடம்பு ஜி விசையைத் தாங்காது', 'மன உறுதி இருந்தால் கண் இருட்டாது' என்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜி என்பது உடல் எடையின் மடங்கு; 5 ஜி-யில் உடம்பு ஐந்து மடங்கு கனக்கும். இதயத்துக்கும் மூளைக்கும் இடையே சுமார் 30 செ.மீ. விமானத்தை நிமிர்த்தும்போது ஒவ்வொரு ஜி-க்கும் தலையை எட்டும் ரத்த அழுத்தம் ஏறத்தாழ 22 மி.மீ. குறையும். இதயத்தில் 120 இருந்தால், 5 ஜி-யில் கண்ணுக்கு மிஞ்சுவது 10. விழிக்குள் இருக்கும் அழுத்தமே அதைவிட அதிகம். ரத்தம் உள்ளே போகாது. முதலில் நிறம் மங்கும், ஓரங்கள் சுருங்கும், பிறகு இருட்டு. இந்தக் கணக்கில் ஆண், பெண் எங்கே வருகிறது? உயரம்தான் வருகிறது. குள்ளமானவருக்கு அதில் சற்று லாபம்கூட உண்டு.

பார்வை சுருங்கினால் உடனே ஸ்டிக்கை, அதாவது விமானத்தை நிமிர்த்த இழுக்கும் பிடியை, தளர்த்துங்கள். பட்டினியோடும் தாகத்தோடும் ஏறாதீர்கள். தொடை, வயிற்றுத் தசைகளை ஜி ஏறுவதற்கு முன்பே இறுக்குங்கள்; ஏறிய பிறகு இறுக்குவது காலம் கடந்த வேலை.

சளியா? பறக்கவே கூடாது. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் 61 சதவீதம், 1,000 மீட்டரில் 89. டைவில் இந்த வித்தியாசம் அரை நிமிடத்துக்குள் காதில் ஏறும். காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் சளியில் வீங்கியிருந்தால் திறக்காது. மாத்திரை போட்டு அடைப்பை மறைக்காதீர்கள், நடுவானில் மருந்து தீர்ந்துவிடும். ஒரு வாரம் தரையில் இருங்கள், தயவுசெய்து. காதைக் காட்டிவிட்டு ஏறலாம்.