செங்கோட்டைச் சாரலில் தரை ஏன் வியர்க்கிறது?

ஜூன் பிறந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் செங்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் ஒரே புலம்பல்தான்: தரை வியர்க்குது. யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காயவிடாமல் போன மாதிரி ஹால் முழுக்க ஒரு மினுக்கு, காலை வைத்தால் வழுக்கும். அடியிலிருந்து தண்ணீர் ஊறுகிறது, மொத்த டைல்ஸையும் பெயர்த்தாக வேண்டும் என்று ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பெரிய தொகை சொன்னார். சரி, பெயர்ப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பார்ப்போம் என்று இரண்டடிச் சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளை வெட்டி, டைல்ஸ் இணைப்பு நடுவில் வருகிற மாதிரி வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளின் மேல்பக்கம் ஈரம், அடிப்பக்கம் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆக, தண்ணீர் வந்தது காற்றிலிருந்து.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் நனைகிறதே, அதே கதைதான். 28 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் தண்ணீரை விட்டுவிடும். மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும் தரை, காற்று சூடாகிற வேகத்தில் சூடாகாது. அந்த நேரத்தில் "ஈரம் காயட்டும்" என்று ஜன்னலைத் திறந்து வைத்தால் இன்னும் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். சாத்திவிட்டு ஃபேனைப் போடுவதே மேல். எங்கள் ஹாலில் இருப்பது விட்ரிஃபைட் டைல்ஸ், கண்ணாடி மாதிரி இறுகச் சுட்டது, தன் எடையில் அரை சதவீதத் தண்ணீரைக்கூடக் குடிக்காது. அதனால் அத்தனையும் மேலேயே படலமாக நிற்கிறது. மலையாளக் கரையில் இன்னும் போடுகிறார்களே, சுட்ட மண் தரை ஓடு, அது கொஞ்சம் குடித்துக்கொள்ளும்.

அதே தாளை ஆச்சி வீட்டுப் பின்கட்டில் ஒட்டினேன். அங்கே நேர்மாறு, அடிப்பக்கம் நனைந்திருந்தது. அந்த அறை பிற்பாடு சேர்த்துக் கட்டியது, பேஸ்மட்டத்துக்குள் வயல் மண்ணைக் கொட்டி மேலே நேராக சிமெண்ட் பூசிவிட்டார்கள். மண்ணின் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் தானாக மேலே ஏறும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம்: 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் சுமார் 15 சென்டிமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு ஆரம் என்றால் ஒன்றரை மீட்டர். களிமண்ணின் இடுக்கு இன்னும் சின்னது. அதனால்தான் ஒழுங்காகத் தரை போடுகிறவர்கள் மண்ணைத் தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்கி, மேலே பருமணலோ சல்லியோ பரப்பி, அப்புறம்தான் கான்கிரீட் போடுவார்கள். சல்லிக்கு நடுவில் உள்ள சந்து பெரிது, தண்ணீருக்கு ஏறப் பிடிமானம் கிடையாது. கான்கிரீட்டுக்கு அடியில் ஒரு கனமான பாலிதீன் விரிப்பும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. தரை போட்ட பிறகு இதையெல்லாம் செய்ய வழியில்லை. மேலே எத்தனை ஆயிரத்துக்கு வாங்கி ஒட்டினாலும் உப்புப் பூக்கத்தான் செய்யும்.

ஆச்சி வீட்டு முன்கட்டில் கிடப்பது சிமெண்டில் காவி கலந்து பூசிய சிவப்புத் தரை, காவித் தரை என்பார்கள். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. செம்மண்ணுக்கு நிறம் தருவதும் அதுதான். ஏற்கெனவே துருவாகிவிட்ட இரும்பு இனி என்ன துருப்பிடிக்கும், அதனால் வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் நிறம் அசையாது. பூச்சு இறுகுகிற நேரம் பார்த்துக் கரணையால் தேய்த்துத் தேய்த்து மேல்பரப்பின் துளைகளை அடைப்பதில்தான் பளபளப்பு வருகிறது. ஆச்சி மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பாள், ஒரு கரண்டி எண்ணெய்க்கு மேல் எடுக்க விடமாட்டாள். காரணம் உண்டு: ஆளி விதை எண்ணெய் மாதிரி இது காய்ந்து படலமாகாது, மிஞ்சினால் பிசுக்காக நின்று தூசியைப் பிடித்துவைக்கும்.

எங்கள் வீட்டு டைல்ஸுக்கும் ஒரு கதை உண்டு. கொத்தனாரிடம் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொன்னேன். "இடைவெளி எதுக்கு அண்ணாச்சி, ஒட்டிப் போட்டா ஒரே கல்லு மாதிரி இருக்கும்" என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். மூன்றாவது வருஷம் ஒரு ராத்திரி டமார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் நடு ஹாலில் இரண்டு டைல்ஸ் முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி நிற்கின்றன. ஐந்து மீட்டர் நீளத் தரை 15 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர்தான் நீளும், ஆனால் சுவரோடு சுவராக இறுக்கிப் போட்டால் அந்த அரை மில்லிமீட்டருக்கும் போக இடமில்லை. அடியில் உள்ள கான்கிரீட் வேறு காயக் காயச் சுருங்குகிறது. போதாததற்கு நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை உருண்டை வைத்து ஒட்டியிருந்தார்கள், மிச்ச இடமெல்லாம் பொள்ளல். நாணயத்தால் தட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இப்போது திருப்பிப் போடும்போது பல் வைத்த கரணையால் பசையை முழுக்க இழுத்து, சுவரோரம் ஒரு விரற்கடை விட்டு, அதைச் சுவரடியில் ஒட்டுகிற ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்தாயிற்று.

துடைப்பதில் கூடாதது ஒன்றே ஒன்றுதான், ஆசிட். கழிவறை ஆசிட், எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் கால்சியத்தைத் தின்னும். மார்பிள் முழுக்கக் கால்சியம் கார்பனேட், மொசைக்கில் இருப்பதும் மார்பிள் சில்லுதான், காவித் தரையில் சிமெண்ட். மார்பிளில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விழுந்து பத்து நிமிஷம் நின்றால் மெருகு போய் வெள்ளையாக ஒரு வட்டம் விழும், அது கறை இல்லை, அரிப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது, திரும்ப மெருகு போட வேண்டும். கிரானைட்டும் டைல்ஸும் தாங்கும், டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமெண்ட் க்ரவுட் தாங்காது.

வியர்க்கிற ஹாலுக்கு ஆச்சியிடம் வழி கேட்டேன். "சாக்கை விரிச்சுப் போடுலே" என்றாள். விரித்திருக்கிறேன், வழுக்கவில்லை. ராத்திரி எடுத்துக் கொடியில் போடாவிட்டால் மட்டும் நாறுகிறது.