சொதப்பினாலும் பதியும் சர்வீஸ்

கோலாலம்பூரில் எந்தப் பூப்பந்து மண்டபத்துக்குச் சாயங்காலம் போனாலும் இதைப் பார்க்கலாம். பச்சை விரிப்பின் மேல் ஒரு சிறுமி, பக்கத்தில் வாளி நிறையப் பூப்பந்துகள். இன்றைக்குக் குட்டை சர்வீஸ் மட்டும்தான். முதலில் போடுவதெல்லாம் வலையில் மாட்டும். இருபதைத் தாண்டியதும் கை பிடித்துக்கொள்ளும். நடுவில் 1.524 மீட்டர் உயரமுள்ள வலையை மயிரிழையில் தாண்டி, எதிர்ப்பக்க முன்கோட்டருகே ஒவ்வொன்றாக விழும். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் அப்பாவுக்குப் பரம திருப்தி, கட்டிய வெள்ளி வீண்போகவில்லை என்று.

சனிக்கிழமை போட்டியில் அதே சர்வீஸ், எதிராளி அடிப்பதற்கு வாகாக எழும்பிப் போகும். பதற்றம் என்று சொல்லிவிடுவோம். பதற்றமும் இருக்கலாம். ஆனால் கோளாறின் பெரும்பங்கு, அந்த அழகான இருபது சர்வீஸ்களிலேயே இருக்கிறது.

1986-இல் குட், மகில் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பூப்பந்தை வைத்தே சோதித்தார்கள். ஆட்டத்துக்குப் புதிய பெண்களுக்குக் குட்டை, நெட்டை, வேகமாகத் தட்டையாகப் போகும் டிரைவ் என்று மூன்று சர்வீஸ்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு நேரத்தில் ஒரே வகையைப் போட்டுப் பழகியது. இன்னொரு குழுவுக்கு வரிசையே கிடையாது, மூன்றும் கலந்து வரும். மொத்த எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்றுதான். பயிற்சி முடிந்த பிறகு வைத்த சோதனையில் கலந்து பழகியவர்களே முந்தினார்கள். பழகாத பக்கத்திலிருந்து போடச் சொன்னபோதும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது.

காரணம் இதுதான். சர்வீஸ் போடுமுன் மூளை ஒரு திட்டம் போடுகிறது: மட்டை எவ்வளவு பின்னால் போக வேண்டும், மணிக்கட்டு எப்போது திரும்ப வேண்டும், எவ்வளவு வேகம். அதையே உடனே மறுபடி போட்டால் திட்டம் இன்னும் சூடாக நினைவில் இருக்கும். இருபதாவது சர்வீஸுக்கு மூளை புதிதாக எதையும் யோசிப்பதில்லை, பத்தொன்பதாவதைக் கொஞ்சம் திருத்துகிறது, அவ்வளவுதான். ஆட்டத்தில் இந்த வசதி கிடையாது. பந்து இருபுறமும் மாறி மாறிப் பறக்கும் ஒரு நீண்ட ரேலி முடிந்து, மூச்சு வாங்கி, புள்ளியைப் பார்த்து, எதிராளி எங்கே நிற்கிறார் என்று கவனித்து, ஒரே ஒரு சர்வீஸ். திட்டத்தை வெறுங்கையோடு தொடங்கிக் கட்ட வேண்டும். கலந்து பழகும்போது, குட்டைக்கு அடுத்து டிரைவ், அப்புறம் நெட்டை என்று வருவதால் ஒவ்வொரு முறையும் பழைய திட்டம் கலைந்து புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. சொதப்பல் கூடும். ஆனால் பழகுவது அந்தக் கட்டும் வேலையைத்தான்.

இரட்டையர் ஆட்டத்தைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பெர்லி டானுடன் நான்காம் இடம் பிடித்த நம்ம தினா முரளிதரன் ஆடும் அந்த மட்டத்தில், குட்டை சர்வீஸுக்கும் தலைக்கு மேல் தூக்கிவிடும் சர்வீஸுக்கும் தொடக்கம் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். இரண்டையும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழேதான் அடிக்கலாம். வித்தியாசம் கடைசி நொடியில் விரலில்தான். இரண்டையும் தனித்தனி நாளில் பழகினால் அந்த வித்தியாசம் எப்படிக் கைக்கு வரும்?

தேறியவர்களுக்கும் இது பலித்திருக்கிறது. 1994-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களில் மூன்று வகைப் பந்துவீச்சையும் கலந்து சந்தித்தவர்கள் 57 சதவீதம் முன்னேறினார்கள். வகை வகையாகப் பிரித்துப் பழகியவர்கள் 25 சதவீதம்.

அதற்காக, மட்டையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே மூன்றையும் கலக்க வேண்டாம். அசைவு ஓரளவு உருவாகும்வரை ஒன்றையே திரும்பச் செய்வதுதான் சரி.

அடுத்தது, பயிற்றுநரின் குரல். ஒவ்வோர் அடிக்கும் "கை மேலே!", "லேட்டு!" என்று கத்துபவரைத்தான் பெற்றோருக்குப் பிடிக்கிறது. கொடுத்த காசுக்கு உழைக்கிறாராம். ஆனால் 1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் செய்த சோதனையில், பாதி முயற்சிகளுக்கு மட்டும் திருத்தம் கேட்டவர்கள், எல்லாவற்றுக்கும் கேட்டவர்களைவிட மறுநாள் நன்றாகச் செய்தார்கள். வழிகாட்டும் செயலியான வேஸ் சொல்லச் சொல்லக் கிள்ளானுக்கு ஓட்டிப்போகிறவருக்கு வழி மனத்தில் நிற்பதில்லை அல்லவா, அந்தக் கதைதான். அடித்த பிள்ளையே "இது ஏன் உயர்ந்தது?" என்று யோசிக்க இரண்டு மூன்று அடிகள் விட வேண்டும்.

நேரத்தையும் நாம் தப்பாகவே பிரிக்கிறோம். கோர்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஒரே மூச்சாக. பிரிட்டன் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்து 1978-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கே மொத்தத்தில் குறைந்த மணி நேரம் போதுமாயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் மிகக் குறைவாகத் திருப்திப்பட்டதும் அவர்கள்தான். நாள்கணக்கில் இழுத்ததால் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்தார்கள்.

ஆகவே பிள்ளையின் முன்னேற்றத்தைப் பார்க்க வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் உதவாது. அடுத்த வகுப்புக்குச் சீக்கிரம் போங்கள். உடம்பைச் சூடேற்றியதும், வாளியைத் தொடுவதற்கு முன், குட்டை ஒன்று, நெட்டை ஒன்று, டிரைவ் ஒன்று போடச் சொல்லி, எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். போன வாரத்தில் எது தங்கியது என்பதை அந்த மூன்றும் காட்டிவிடும்.