எண்ணெய் தோய்க்கும் இடத்தில்தான் பயம் வேண்டும்

மலேசியாவின் பினாங்கில், பத்து பெரிங்கி கடற்கரையை ஒட்டி ஒரு திருமண வரவேற்பு. என் மாணவர்கள் ஆறு பேர் தீச்சிலம்பம் சுற்ற வேண்டும். மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது பின்பக்கம் 'பக்'கென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எண்ணெய் வாளி எரிகிறது. பக்கத்தில் ஒரு பையன் கையை உதறிக்கொண்டு நிற்கிறான். ஒரு பந்தத்தைக்கூட அதுவரை நாங்கள் கொளுத்தவில்லை.

"மண்ணெண்ணெய் சீக்கிரம் பத்த மாட்டேங்குது மாஸ்டர், அதான் கொஞ்சம் பெட்ரோல் ஊத்தினேன்" என்றான். நாலு எட்டு தள்ளி நின்ற இன்னொருவன் லைட்டர் வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

பினாங்கில் பல வருடமாகச் சிலம்பமும் தீப்பந்தமும் சொல்லிக்கொடுக்கிறேன். என் கண்முன் நடந்த விபத்துகளில் பெரும்பாலானவை சுற்றும்போது நடந்தவை அல்ல. தோய்க்கும்போதும், கொளுத்தும்போதும், அணைத்த பிறகும் நடந்தவை. சுற்றும்போது எல்லாரும் விழிப்பாகத்தான் இருக்கிறார்கள்.

அந்தப் பையன் செய்ததில் என்ன தவறு? எந்த எரிபொருளுக்கும் ஒரு சூட்டு அளவு உண்டு. அந்தச் சூட்டை எட்டினால் அதன் மேல் எழும் ஆவி ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரி அல்லது அதற்கு மேல். பெட்ரோலுக்கோ சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 டிகிரி. நம் ஊர் வெயில் 32, 33 டிகிரி அடிக்கிறது. அப்படியென்றால் மூடாத பெட்ரோல் எந்த நேரமும் பற்றத் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். மண்ணெண்ணெயில் கொஞ்சம் கலந்தாலும் அந்தக் கலவை பெட்ரோலின் குணத்தைத்தான் காட்டும். தின்னரும் ஸ்பிரிட்டும்கூட நம் வெயிலில் பற்றக்கூடியவையே, அவையும் வேண்டாம்.

மண்ணெண்ணெய் மெதுவாகப் பற்றுகிறது என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். திரியின் கீழ்விளிம்பில் சில நொடி நெருப்பைப் பிடித்தால் தானாகப் பற்றும். அந்தத் தாமதம்தான் நமக்குக் காவல். ஆனால் அதையும் மத்தியான வெயிலில் காரின் பின்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். மூடிய கார் 38 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் எண்ணெய்க்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. மூடியுள்ள இரும்பு டின், அதில் அன்றைய ஆட்டத்துக்கு வேண்டிய அளவு மட்டும். கொளுத்தும் இடம் அங்கிருந்து இருபது எட்டு தள்ளி, காற்று அடிக்கும் திசையைப் பார்த்துத்தான் அமையும். தோய்த்த பந்தத்தை வெறும் டின்னுக்குள் உதறி மிச்ச எண்ணெயை வடித்துவிடுவோம். இல்லையென்றால் முதல் சுற்றிலேயே எரியும் துளிகள் கூட்டத்தின் மேல் தெறிக்கும். அப்புறம், அணைத்த பந்தத்தைச் சூடு ஆறுமுன் திரும்பத் தோய்க்கவே கூடாது. நெருப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திரிக்குள் கங்கு இருக்கும். மினரல் வாட்டர் போத்தலில் எண்ணெய் ஊற்றி வைப்பதையும் நான் அனுமதிப்பதில்லை. திருமண வீட்டில் தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா?

திரிக்குப் பழைய துண்டையும் ஜீன்ஸ் துணியையும் கம்பியால் கட்டுவது நம்மிடம் பழக்கம். பருத்தி கருகும், இழை இழையாகப் பிய்ந்து எரிந்தபடி பறக்கும். சூடு தாங்கும் செயற்கை இழையான கெவ்லாரில் செய்த திரி விலை கூடுதல்தான், ஆனாலும் வாங்குங்கள். அது உருகாது, பல ஆட்டங்களுக்கு வரும். எண்ணெய் தீர்ந்து திரியே எரியத் தொடங்கும்வரை விடாமல், சுடர் குறையும்போதே ஈரத்துண்டால் அணைத்துவிட்டால் இன்னும் நாள் தாங்கும். கம்புக்கு மூங்கில் வேண்டாம். கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடிக்கும். உள்ளே கெட்டியான ரோத்தான், அதாவது பிரம்பு, நல்லது. நியூசிலாந்து மாவோரி மக்கள் கயிற்று முனையில் பந்து கட்டிச் சுற்றும் 'போய்' (poi) போலப் பந்தத்தைச் சங்கிலியில் சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கொக்கியையும் வளையத்தையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

உடை விஷயத்தில் பெற்றோரிடம்தான் எனக்கு வாக்குவாதம் வரும். மேடையில் மின்னும் பாலியெஸ்டர் ஜிப்பா போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எங்களுக்குக் கனமான பருத்திதான். முடிக்கு ஸ்ப்ரே அடிப்பதில்லை.

அந்தப் பையனின் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து வைத்தோம். ஒருவர் பற்பசையோடு வந்தார், இன்னொருவர் ஐஸ் கொண்டுவந்தார். இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெல்லிய சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கொப்புளங்கள் ஆற மூன்று வாரம் ஆனது. எரிந்த வாளியை அணைக்க யாரோ தண்ணீர் தூக்கிவந்ததும் நினைவிருக்கிறது. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். மூடியைப் போட்டுக் காற்றை அடைத்தே அணைத்தோம். ஆட்டத்துக்கு எப்போதும் இரண்டு ஈரப் பருத்தித் துண்டும் ஒரு தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வாயில் எண்ணெய் வைத்துத் தீ ஊதச் சொல்லிக்கொடுங்கள் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பதில்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம் மூச்சுக்குழலுக்குள் போனாலும் நுரையீரல் புண்ணாகி நிமோனியா வரலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும்போதும் அது நுரையீரலுக்குள் போகலாம். மலேசியாவின் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள், என்ன எண்ணெய் என்று தெளிவாகச் சொல்லுங்கள், டின்னையும் கையோடு கொண்டுபோங்கள்.